வலது இறக்கையின் முதல் வடம்

சித்திரைத் தேருக்குக் கொடியேற்றிய மறுநாள் எங்கள் மேலக்கொல்லையில் ஒரு விமானம் இறங்கியது. எண்பத்தாறாம் வருஷம். அனந்தபுரம் சந்தையில் இன்றைக்கும் அதைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசுகிறார்கள். விமானம் விழுந்தது என்கிறார்கள். விழவில்லை, இறங்கியது. எங்கள் கொல்லையில் எதுவும் விழுந்ததில்லை.

மல்லாட்டைக் கடலை பிடுங்கி முடித்து நிலம் வெறுமையாகக் கிடந்தது. என் தாத்தா நிரவிய நிலம். ஒரு மேடு கிடையாது, ஒரு குழி கிடையாது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எத்தனையோ கொல்லைகள் இருக்க, வானத்திலிருந்து பார்த்தவன் எங்களுடையதைத்தான் தேர்ந்தெடுத்தான். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

சின்ன விமானம். அதிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் வடக்கத்தி கேப்டன். தமிழ் தெரியாது. ஓர் இளநீரைக் குடித்துவிட்டு இடது இறக்கையின் நிழலில் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். இன்னொருவர் இன்ஜினியர் சவரிராயன். திண்டிவனம் பக்கத்து ஆள், மெட்ராசில் வேலை. மரியாதை தெரிந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

"அய்யா மன்னிச்சிக்கங்க. ஏரிங்கள மேல இருந்து போட்டோ புடிக்கிற வேலை. தெக்கால போறோம்னு நெனச்சிக்கினு மேக்கால போய்க்கினு இருந்தோம். பனமலை ஏரியையே மூணு வாட்டி புடிச்சிட்டோம்."

"பனமலை ஏரி நல்ல ஏரிதான்" என்றேன்.

"நல்ல ஏரிதாங்க. ஆனா கம்பெனிக்காரன் ஒரு வாட்டிதான் கேட்டான்."

விஷயம் இதுதான். வலது இறக்கையின் நுனிக்குள் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அது வடக்கு எது என்று பார்த்து, கேப்டனுக்கு முன்னால் இருக்கிற முள்ளுக்குச் சொல்லும். பழைய பெட்டி கெட்டுவிட்டது. சவரிராயன் கையோடு கொண்டுவந்திருந்த புதியதை இறங்கியதும் மாட்டியிருந்தார். ஆனால் மாட்டினால் மட்டும் போதாது. விமானத்தை வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நாலு பக்கமும் திருப்பி நிறுத்தி, ஒவ்வொரு பக்கத்திலும் முள் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். பிசகினால் ஒரு பித்தளைத் திருப்புளியால் திருத்த வேண்டும். அது முடியாமல் கேப்டன் விமானத்தைத் தூக்கமாட்டார்.

"பக்கத்துல இரும்பே இருக்கக் கூடாதுங்க. மோட்டார், போர் பைப்பு, கரண்டு ஒயரு ஒண்ணும் ஆகாது. உங்க கொல்லை மாதிரி சுத்தமான எடம் மெட்ராசுலயே இல்லீங்க" என்றார்.

இதை அவர் ஊரார் கேட்கச் சொன்னது எனக்குத் திருப்தியாக இருந்தது. முக்கியமாக விருத்தாசலம் கேட்கச் சொன்னது.

விருத்தாசலம் என் பங்காளி. என் தாத்தாவின் தம்பி பேரன். எங்கள் தேருக்கு ஒரு காலத்தில் இரும்புச் சங்கிலிதான் வடம். என் தாத்தா முதல் வடம் பிடித்துவந்த நாளில் அந்தச் சங்கிலி காணாமல் போனது. அண்ணன்தான் அதை மேலக்கொல்லையில் புதைத்துவிட்டான் என்று விருத்தாசலத்தின் தாத்தா சொன்னார். சொல்லிவிட்டுச் செத்தும்போனார். செத்தவரிடம் போய் யார் விசாரிப்பது? அன்று முதல் தேருக்குக் கயிற்று வடம். முதல் வடம் பிடிக்கும் உரிமை மட்டும் எங்களிடமே இருந்தது. கொல்லையில் இரும்பு கிடைத்தால் அந்த உரிமை தம்பி வகையறாவுக்குப் போய்விடும் என்பது ஊர்ப் பேச்சு. விருத்தாசலம் எங்கள் கொல்லையைத் தாண்டும்போதெல்லாம் தரையைப் பார்த்துத்தான் நடப்பான்.

நான் தரையைப் பார்த்து நடப்பவன் இல்லை. எங்கள் வகையறாவில் ஆண்கள் நிமிர்ந்துதான் நடப்பார்கள். என் தகப்பனார் கலெக்டர் முன்பும் முதுகை வளைத்ததில்லை. எனக்கு ஒரு வருஷம் முன்பு, மூட்டை வண்டியிலிருந்து இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. புதுச்சேரியில் ஒரு டாக்டர் பெல்ட் எழுதிக் கொடுத்தார். அகலமான தோல், அதில் முன்னும் பின்னும் இரும்புப் பட்டைகள், பக்கவாட்டில் வார். அதை மாட்டினால் என் தகப்பனாரைப் போல் நிற்பேன். கழற்றினால் என் கால்கட்டைவிரல்தான் எனக்குத் தெரியும். சட்டைக்குள் மாட்டுவதால் என் சம்சாரம் செண்பகத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை. வளைந்த முதுகோடு ஒருவன் முதல் வடம் பிடித்தான் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லக் கூடாது.

சவரிராயன் ஒரு முக்காலியின் மேல் தன் காம்பஸை வைத்துப் பார்த்து, நாலு திசைக்கும் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். பிறகு, "தள்றதுக்கு ஆளு வேணும். எறக்கைக்கு ரெண்டு பேரு, வாலுக்கு ஒருத்தரு" என்றார்.

வலது இறக்கையை யார் பிடிப்பது என்று அவர் சொல்லவில்லை. நான் போய்ப் பிடித்தேன்.

"அண்ணே, தேருக்குத்தான் நீங்க. இது ஏரோப்ளேனு" என்றான் விருத்தாசலம்.

"நெலம் யாருது?"

"நெலம் உங்குளுதுதான். காத்து பொது. இது காத்துல வந்தது."

"காத்துல வந்தது எங்க நிக்குது?"

"எந்தப் பக்கம் யாரு புடிச்சாலும் சுத்தும்ங்க" என்றார் சவரிராயன்.

படித்தவர், ஆனால் வழக்கம் தெரியாதவர். ஊர்ப் பெரியதனம் பாண்டுரங்கன் வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாற்காலி இரும்பு என்று சவரிராயன் எடுத்துப் போகச் சொன்னதால் நின்றுகொண்டே தீர்ப்புச் சொன்னார். வலது இறக்கை மூத்த வகையறாவுக்கு. இடது இறக்கை இளைய வகையறாவுக்கு. வால் ஊருக்கு.

அதற்குப் பிறகு காரியங்கள் தாமாக நடந்தன. யாரோ பம்பைக்காரரைக் கூட்டிவந்தார்கள். விமானத்தின் மூக்கில் மாவிலை கட்டினார்கள். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கட்டைகளோடு வந்து சக்கரத்துக்கு ஒருவராக உட்கார்ந்துகொண்டார்கள். சவரிராயன் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். முட்டுக்கட்டையைத் தட்டிப் பார்த்தார். "மரம்தான? இருக்கட்டும்" என்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! ஒடம்புல இரும்பு இருந்தா ஜல்தியா தூரமா வச்சிட்டு வாங்க."

தூரத்துப் பனைமரத்தடியில் ஒரு கோணியை விரித்தோம். அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, பேனாக்கத்தி, பெண்களின் ஊக்கு, பெட்டிச் சாவி எல்லாம் வந்தன. விருத்தாசலம் அரைஞாணில் கோத்திருந்த முள்வாங்கியைக் கழற்றிக் கொடுத்தான். அவன் முள்வாங்கி வைத்திருப்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. லாடம் அடித்த மாடுகளை ஓட்டிப்போய்விட்டார்கள்.

நான் சாவிக்கொத்தைச் செண்பகத்திடம் கொடுத்தேன். அவள் என் இடுப்பைப் பார்த்தாள்.

"ஏங்க, அது?"

"அது வைத்தியம்" என்றேன்.

வைத்தியத்தை யாரும் இரும்புக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பம்பை முழங்க விமானத்தை வடக்கே திருப்பினோம். கனமே இல்லை. தேரோடு ஒப்பிட்டால் விளையாட்டுச் சாமான். முட்டுக்கட்டை போட்டதும் சவரிராயன் உள்ளே ஏறி உட்கார்ந்து, "எல்லாரும் தள்ளிப் போங்க!" என்று கத்தினார். போனார்கள். நான் போகவில்லை.

"அய்யா, நீங்களும்..."

"முதல் வடம் புடிச்சவன் கற்பூரம் காட்டுற வரிக்கும் கைய எடுக்கக் கூடாது. தெரியுமில்ல?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்ககிட்ட இரும்பு இல்லையே?"

"சாவிய குடுத்துட்டேன்."

"அப்ப நில்லுங்க. மனுசனுக்குக் காந்தம் கெடையாது."

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. முதல் வடக்காரன் அம்மனுக்கு முதுகு காட்டக் கூடாது. எங்கள் அம்மன் கோயில் கொல்லைக்குக் கிழக்கே. அதனால் விமானம் எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் இறக்கையின் நுனியை விடாமல் முன்பக்கமோ பின்பக்கமோ சுற்றிவந்து கிழக்கே பார்த்தே நின்றேன். இதைச் சரியாகச் செய்ய முதுகு நேராக இருக்க வேண்டும். இருந்தது.

வடக்கில் முள் பிசகியது. திருத்தினார். கிழக்கே திருப்பினோம், வேறு பக்கம் பிசகியது. அதைத் திருத்தினார். தெற்கே போனதும் கிழக்கில் செய்தது கெட்டது. மேற்கில் முள் தெற்கைக் காட்டியது. மறுபடி வடக்குக்கு வந்தால், வடக்கே இடம் மாறியிருந்தது.

"என்னா பேஜாரு இது" என்றார் சவரிராயன். சட்டை நனைந்திருந்தது. மீண்டும் ஒரு சுற்று சுற்றினோம். பம்பைக்காரர் இரண்டாம் தாளத்துக்கு மாறினார். பெண்கள் கேப்பைக் கூழ் கொண்டுவந்து ஊற்றினார்கள். கேப்டன் எழுந்து கூழ் குடித்துவிட்டு மறுபடி படுத்தார். முள் எதற்கும் அடங்கவில்லை.

கடைசியில் சவரிராயன் கீழே இறங்கி, சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

"கீழ என்னாவோ இருக்குது."

பம்பை நின்றது.

"கேட்டீங்களா!" விருத்தாசலத்தின் குரல் உடைந்துவிட்டது, சந்தோஷத்தில். "எங்க தாத்தா சொன்னப்ப யாரும் நம்பல. இன்னிக்கு மெட்ராஸ் மிஷினு வந்து சொல்லுது. கீழ சங்கிலி இருக்குது!"

"நான் சங்கிலின்னு சொல்லலீங்க..."

"வேற என்னா இருக்கும், கீழ? உங்க கேப்டனா?"

பாண்டுரங்கன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "சுப்பராயலு, தப்பா நெனச்சிக்காதீங்க. தோண்டிப் பாத்துடுவோம். இருந்திச்சின்னா இந்த வருசத் தேருக்கே வடம் மாத்திடணும். நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க."

பனைமரத்தடிக்கு ஓடி, கோணியிலிருந்த மண்வெட்டி கடப்பாரையெல்லாம் எடுத்துவந்தார்கள். "யோவ், அதுவும் இரும்புய்யா!" என்று சவரிராயன் தலையில் கை வைத்துக்கொண்டு பின்னால் ஓடினார். யாரும் கேட்கவில்லை. விருத்தாசலம் முதல் வெட்டு வெட்டினான். என் தாத்தா நிரவிய நிலத்தில்.

அந்த ஒரு சமயம்தான் நான் இறக்கையை விட்டேன்.

முக்காலியிடம் போனேன். மேலே சவரிராயனின் காம்பஸ் இருந்தது. அந்தக் கருவி நியாயமானதுதானா என்று பார்க்க நினைத்தேன். கிட்டே போனதும் முள் அசைந்தது. மெல்லத் திரும்பி என் வயிற்றைப் பார்த்து நின்றது. இடது பக்கம் நகர்ந்தேன். கூடவே வந்தது. வலது பக்கம் நகர்ந்தேன். வந்தது. முக்காலியை ஒரு சுற்று சுற்றினேன். சாமி சன்னதியைச் சுற்றுகிறவனைப் பூசாரி பார்ப்பதுபோல் அது என்னையே பார்த்துக்கொண்டு சுற்றியது.

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நிலத்துக்கு யார் சொந்தக்காரன் என்று ஒரு முள்ளுக்கே தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகு இடுப்பில் பட்டை உறுத்தியது.

என் தாத்தாவைத் திருடன் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது நிலம் இல்லை. என் பெல்ட்.

யோசிக்க அதிக நேரம் இல்லை. பேசாமல் இருந்தால் சங்கிலி கிடைக்காது, ஆனால் தோண்டுவதும் நிற்காது. இன்னும் ஆழத்தில் இருக்கிறது என்பான் விருத்தாசலம். முள் அவன் பக்கம் சாட்சி சொல்லும். தேரன்று வடம் அவன் கைக்குப் போகும். பெல்ட்டைப் பற்றிச் சொன்னால் நிலம் தப்பிக்கும். ஆனால் சுப்பராயலு நிமிர்ந்து நடந்தது தோலாலும் இரும்பாலும் என்று திண்டிவனம் வரைக்கும் தெரிந்துவிடும். தாத்தாவின் பேரா, என் முதுகா?

செண்பகத்தைக் கண்ணால் கூப்பிட்டேன். கொல்லையை ஒட்டி ஒரு சவுக்குத் தோப்பு. நிமிர்ந்தே நடந்து அதற்குள் போனேன்.

"அவுத்து உடு" என்றேன்.

"இங்கயா?"

"இங்கதான். பேசாத."

"வைத்தியம்னு சொன்னீங்க?"

"செண்பகம்."

"காலைல கேட்டதுக்கு அப்பிடி மொறைச்சீங்களே" என்று சொல்லிக்கொண்டே வாரை இழுத்தாள். பெல்ட் விட்டது. நான் மடங்கினேன். தரையில் சவுக்குச் சருகு மெத்தை மாதிரி கிடந்தது. பெல்ட்டை அதற்குள் தள்ளி மூடினாள். ஒரு சவுக்குக் கொம்பை ஒடித்து என் கையில் கொடுத்தாள். அவள் சிரிக்கவில்லை. அதற்காக நான் இன்றுவரை அவளிடம் நன்றி சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

தோப்பிலிருந்து நான் வெளியே வந்ததும் வெட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. எனக்கு யார் முகமும் தெரியவில்லை. கால்கள்தான் தெரிந்தன. கால்கள் விலகி வழிவிட்டன. விருத்தாசலத்தின் கால்கள் மட்டும் குழிக்குள் இருந்தன.

"அண்ணே... என்னா இது? யாரைக் கும்பிடுறீங்க?"

இறக்கையின் நுனியைத் தேடிப் பிடித்தேன். செண்பகம்தான் பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னாள்.

"தேரு மாதிரி ஒண்ணு வந்து நிக்குது. காலைல இருந்து ஒருத்தராவது அதும் முன்னால தலை குனிஞ்சீங்களா? அவுரு குனியறாரு. அம்மன் என்னா சொல்லுதுன்னு இப்பப் பாருங்க."

பாண்டுரங்கனுக்கு விஷயம் நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். அவர் குனிந்தார். முட்டுக்கட்டைக்காரர்கள் ஏற்கனவே குனிந்துதான் இருந்தார்கள், இன்னும் குனிந்தார்கள். வால் பக்கம் குனிந்தது. சுப்பராயலுவே குனிகிறான், நாம் நின்றால் நன்றாக இருக்காது என்று கூட்டம் முழுக்கக் குனிந்தது. விருத்தாசலம் வேறு வழியில்லாமல் குழியை விட்டு ஏறி, இடது இறக்கையைப் பிடித்துக் குனிந்தான். மண்வெட்டிகள் மறுபடி பனைமரத்தடிக்குப் போயின. பம்பை எழுந்தது. ஊரே முதுகை வளைத்துக்கொண்டு ஒரு விமானத்தை வடக்கே திருப்பியது. கேப்டன் எழுந்து உட்கார்ந்து இதைப் பார்த்துவிட்டு, செய்தித்தாளைத் திரும்ப முகத்தில் போட்டுக்கொண்டார்.

"வடக்கு சரியா இருக்குது!" என்று உள்ளேயிருந்து கத்தினார் சவரிராயன்.

கிழக்கே திருப்பினோம். லேசாகத் திருத்தினார். தெற்கு நின்றது. மேற்கு நின்றது. மறுபடி வடக்கு, வைத்த இடத்தில் இருந்தது. நான் கையை எடுக்கவில்லை.

சவரிராயன் குதித்து இறங்கினார். "நெலம் சுத்தம்! கீழ ஒரு ஊசி கூட இல்ல!"

பாண்டுரங்கன் தாமே கற்பூரம் கொளுத்திக் காட்டினார். "வடம் இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்" என்றார். அப்போதுதான் இறக்கையை விட்டேன். குழியை மூடுகிற சத்தம் என் காதுக்கு நன்றாக இருந்தது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பறப்பதற்கு முன் இன்ஜினை ஓட்டி ஒருமுறை பார்க்க வேண்டுமாம். கேப்டன் ஏறி உட்கார்ந்தார். விமானத்தின் வால் சவுக்குத் தோப்பைப் பார்த்து இருந்தது. விசிறி சுற்றியதும் புழுதி எழுந்தது. பெண்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்கள். தோப்பிலிருந்த சருகெல்லாம் காக்கைக் கூட்டம் மாதிரி எழுந்து பறந்தது. இன்ஜின் நின்று புழுதி அடங்கியபோது, சுத்தமாகப் பெருக்கின தரையில் என் பெல்ட் வெயிலில் பளபளத்தது.

விருத்தாசலம்தான் முதலில் பார்த்தான்.

"இரும்பு!" என்று கூவிக்கொண்டு ஓடினான். "சங்கிலி! நான் சொன்னேன் இல்ல? சங்கிலி!"

ஊர் பின்னால் ஓடியது. நான் கொம்பை ஊன்றிக்கொண்டு கடைசியாகப் போனேன். போய்ச் சேரும்போது பாண்டுரங்கன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது யாரு தோப்பு?"

அவசரத்தில் நான் வேலியைப் பார்க்காமல் நுழைந்திருந்தேன். தோப்பு விருத்தாசலத்துடையது. அவன் தாத்தா வைத்தது.

அவன் கால்கள் ஓரடி பின்னால் போனதைப் பார்த்தேன். என் கண்மட்டத்தில் அப்போது அவைதான் இருந்தன.

"சங்கிலின்னு நீதான சொன்ன?" என்றார் பாண்டுரங்கன். "உங்க தாத்தா அண்ணன் மேல பழியப் போட்டுட்டு இங்க பொதைச்சி வச்சாரா?"

"இல்ல, இல்ல... அவசரத்துல சொல்லிட்டேன். நல்லாப் பாருங்க. இது சங்கிலி மாதிரியா இருக்குது? பட்டை பட்டையா, வாரு கீரு எல்லாம்..." அவன் மூச்சு வாங்கினான். "இது கவசம்! செஞ்சிக் கோட்டை சண்டைல நெஞ்சுக்குக் கட்டிக்கினு போவாங்க இல்ல, அந்தக் கவசம்!"

"சுப்பராயலு என்னா சொல்றாரு?" என்றது கூட்டம்.

ஒரே ஒரு வார்த்தையில் அவன் தாத்தாவைத் திருடனாக்கியிருக்கலாம். மூன்று தலைமுறைக்குப் பதில் சொன்னதாக இருக்கும். ஆனால் அவன் தாத்தாவும் என் தாத்தாவும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் திருடன் கிடையாது. பெரிய வகையறாவிலும் கிடையாது, சின்ன வகையறாவிலும் கிடையாது.

"கவசந்தான்" என்றேன்.

சவரிராயன் குனிந்து பெல்ட்டை எடுத்தார். தன் காம்பஸ் அருகே கொண்டுபோனார். முள் துள்ளியது. பெல்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், முதுகு, இடுப்பு, கொம்பு எல்லாவற்றையும். உள்பக்கத் தோலில் என் வியர்வை இன்னும் காயவில்லை.

"இது சங்கிலி இல்லீங்க" என்றார் ஊரைப் பார்த்து. "ஒரு வீரரு போட்டுக்கினு இருந்ததுதான். நல்லாப் பத்திரமா வச்சிக்கங்க." அதை விருத்தாசலத்தின் கையில் கொடுத்துவிட்டு, என் காலருகில் ஏதோ எடுப்பதுபோல் குனிந்து, "மொதல்லயே சொல்லியிருக்கலாங்களே அய்யா" என்றார் மெதுவாக.

"எதை?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போய் ஏறினார். விமானம் எழுந்து நேர் தெற்கே போனது என்று செண்பகம் சொன்னாள். நான் நிமிர்ந்து பார்க்கிற நிலையில் இல்லை.

தேரன்று நான்தான் முதல் வடம் பிடித்தேன். குனிந்துதான் பிடித்தேன். விமானத்தன்று நடந்ததைப் பார்த்தவர்கள் அதை என் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள், எனக்குப் பின்னால் வடம் பிடித்தவர்கள் எல்லோரும் குனிந்தார்கள். இப்போது அது வழக்கமாகிவிட்டது. கவசத்தை எண்ணெய் போட்டுத் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, தேர்முட்டியில் பலகை மேல் வைத்திருந்தார்கள். விருத்தாசலம் புது வேட்டியில் அதன் பக்கத்தில் நின்றான். எங்கள் இரண்டு வகையறாவுக்கும் பொதுவான முப்பாட்டனாருடையது என்று பாண்டுரங்கன் தீர்த்துவைத்தார். ஆகவே பூசாரி முதல் பரிவட்டத்தைக் கவசத்துக்குக் கட்டினார். இரண்டாவதுதான் எனக்கு.

"உங்க இடுப்புக்குக் கற்பூரம் காட்டுறாங்க. கன்னத்துல போட்டுக்கங்க" என்றாள் செண்பகம் காதருகே.

போட்டுக்கொண்டேன். முதல் மரியாதை எங்கள் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை.

அடுத்த வாரம் புதுச்சேரிக்குப் போய் வேறு பெல்ட்டுக்கு அளவு கொடுத்தேன். பட்டைகளைப் பித்தளையில் போடச் சொன்னேன். பெல்ட் செய்கிறவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பித்தளை வளைஞ்சிடுமே பெரியவரே. இரும்புன்னா சாகற வரிக்கும் வரும். எதுக்குப் பித்தளை?"

"தடிமனா போடுங்க" என்றேன். "மறுபடி ஏரோப்ளேன் வந்தா வலது எறக்கைய நான்தான் புடிக்கணும்."